வாசல் வரிசையில் ஓர் இடம்

அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில் வாசல் வரிசைக்கு ஒரு மதிப்பு இருந்தது. மேட்டு நிலம், ஆறு எவ்வளவு பொங்கினாலும் தண்ணீர் எட்டாது. பெரிய குடும்பங்கள் அங்கே இடம் வாங்கிப் போட்டிருந்தன. பதினெட்டுப் படி இறங்கினால் ஆற்றோர வரிசை. அது ஓடக்காரர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும். மழைக்காலத்தில் அங்கே கற்களின் தலை மட்டும்தான் தெரியும்.

நகராட்சி கரையை உயர்த்திப் பூங்கா போட்டதும் எல்லாம் தலைகீழானது. ஓடக்காரர்களின் கற்களுக்கு முன்னால் புல்வெளியும் நடைபாதையும் பெஞ்சுகளும் வந்தன. வாசல் பக்கத்துக்கு வாய்த்தது பொதுக் கழிப்பறை.

ஓய்வுபெற்ற சர்வேயர் நாடாவைப் பிடித்து அளந்தார். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி நால்வரும் வரிசையின் நடுவே நின்ற வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், மரியாதையான தூரத்தில் இருந்தார்கள். இந்தப் பக்கம் காலியாக இருந்த ஒரே இடம் அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். அந்த இடத்தை முப்பது வருஷமாகத் தனக்கென்று நினைத்து வைத்திருந்தார். கழிப்பறைச் சுவருக்கும் அதற்கும் நாலடிகூட இல்லை.

மூன்று மனு போட்டார். மூன்றாவதற்கு, கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பூங்காக் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினாள். அவருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும்.

"வரைபடமெல்லாம் அழகா போட்டிருக்கீங்க ஐயா."

"அழகுக்குப் போடலம்மா. அளவுக்குப் போட்டேன்."

"கழிப்பறையை மாத்துறதுன்னா இன்ஜினியர் வந்து பாக்கணும். பதினஞ்சு நாள் ஆகும். இல்லேன்னா நீங்க ஆற்றோரத்துக்கு மாறிக்கலாம்."

"அங்கதான் இடமே இல்லேன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே."

"மத்தவங்களுக்கு இல்ல. உங்களுக்கு இருக்கு." அவள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். "உங்க தங்கச்சி உங்க பேருக்கு எழுதி வச்சிருக்காங்க."

தனக்குத் தங்கை இல்லை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அவள் ஓடக்காரனைக் கட்டிக்கொண்டு போன அன்று, இந்தக் குடும்பத்தில் எவனும் அந்தப் படி இறங்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கையை அடக்கம் செய்தபோதுகூட அவர் மேல்படியோடு நின்றுகொண்டார். மழை விட்ட பிறகும் குடையை மடக்கவில்லை.

பதிவேட்டில் எழுதியிருப்பதை நேரில் சரிபார்க்காமல் விடுவது அவர் தொழிலில் கிடையாது. நாடாவை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

தங்கைக்கு இடப்பக்கம் அவள் கணவன். வலப்பக்கம் வெறும் புல். எதிரே பூங்காவின் மிதிபடகுத் துறை. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் தங்கை மகன். அவன் கயிற்றைக் கட்டி வைத்துவிட்டு மேலே வந்தான்.

"வாங்க மாமா."

"அளக்க வந்தேன்."

"அளங்க. முனையை நான் பிடிக்கிறேன்." பிடித்துக்கொண்டே சொன்னான்: "எத்தனை தடவை அளந்தாலும் ஆறடிதான் மாமா."

அவர் சிரிக்கவில்லை. "யாரைக் கேட்டு என் பேரை எழுதினா?"

"நானும் அதையேதான் கேட்டேன். கூப்பிட்டா வர மாட்டார், எழுதி வச்சா மறுக்க மாட்டார், எழுத்துன்னா அவருக்கு அவ்வளவு மரியாதைன்னாங்க." அவன் நாடாவை விட்டான். "அன்னைக்குக் குடையோட மேல நின்னீங்களே, பாத்தேன். ஒரு வார்த்தை பேசலாம்னு வந்தேன். அதுக்குள்ள போயிட்டீங்க."

"மழை."

"மழை எப்பவோ விட்டுடுச்சு மாமா."

பதினைந்து நாளும் அவர் அளவு சரிபார்க்கப் போனார். நாடாவை எடுத்துப்போனது முதல் நான்கு நாள்தான். பிறகு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அப்பாவின் கல்லறையைக் கடந்துதான் படிக்கு வர வேண்டும். அங்கே மட்டும் நடை கொஞ்சம் வேகமாகும். கழிப்பறை இருக்கும்வரை அவரிடம் பதில் இருந்தது. ஏன் படி இறங்கினாய் என்று அப்பாவே கேட்டாலும் சொல்லலாம்.

பதினாறாம் நாள் கண்காணிப்பாளர் எழுந்து நின்று வரவேற்றாள்.

"உங்க மனு ஜெயிச்சிடுச்சு ஐயா. கழிப்பறையை எதிர்ப்பக்கம் மாத்துறாங்க. அடுத்த வாரம் இடிக்கிறாங்க. உங்க இடத்துல நீங்க நிம்மதியா இருக்கலாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அது அங்கேயே இருக்கட்டும்மா."

"எது?"

"கழிப்பறை. வயசானவங்க வர்ற இடம். வாசல்கிட்ட இருந்தாத்தான் வசதி."

"மூணு மனு போட்டீங்களே ஐயா."

"நாலாவது போடுறேன். மூணையும் வாபஸ் வாங்கறதா."

"அப்ப உங்க இடம்?"

"அதுதானே சொல்றேன். கழிப்பறைக்குப் பக்கத்துல மானமுள்ள மனுஷன் படுப்பானா? மாறுதல் படிவம் இருந்தா கொடுங்க."

அவள் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டமாக, எழுத்து கோட்டைத் தாண்டாமல் நிரப்பினார். இடமாற்றத்துக்கான காரணம் என்ற கட்டம் வந்தபோது மட்டும் பேனா சற்று நின்றது. பிறகு அதிலும் எழுதினார்: கழிப்பறை.