பென்சில் கோடு

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, சட்டை எடுக்க அலமாரிக்குள் விட்ட கையில் பாட்டில் தட்டுப்பட்டது.

அவன் கையை வெளியே இழுத்துக்கொண்டான். குனிந்து பார்த்தான். போர்வைக்கும் சட்டைகளுக்கும் நடுவில், கழுத்து வெளியே தெரிய, ஒரு பிராந்தி பாட்டில். முக்கால் அளவு இருந்தது. லேபிளின் ஓரத்தில், பிராந்தியின் மட்டத்துக்கு நேராக, பென்சிலால் ஒரு சின்னக் கோடு.

முதலில் வந்தது பயம் இல்லை, இளக்காரம்.

இதற்குப் பெயர் ஒளித்துவைப்பதா? அவன் சோபா தைக்கிறவன். குடித்த காலத்தில் ஊரில் பாதி வீட்டு நாற்காலிகளின் வயிற்றுக்குள் அவன் பாட்டில் இருந்திருக்கிறது. அடித்துணியைப் பிரித்து, ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் செருகி, மறுபடி தைத்துவிடுவான். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு சோபாவிலிருந்து பாட்டிலை மீட்க, ஒரு ஆணி அடிக்க விட்டுப்போச்சு என்று சுத்தியலோடு போய் நின்றவன். அப்பேர்ப்பட்டவனுடைய அறையில், அவன் சட்டைக்குப் பின்னாலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம்.

வைத்தது யார் என்பதில் சந்தேகம் இல்லை. நேற்று சாயங்காலம் மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவியும் மகளும் ஒன்றரை வருடமாக அவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். மகளைக் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதும் அவர்தான். நாளைக்கு, சனிக்கிழமை, மகள் முதல் தடவையாக இங்கே ஒரு ராத்திரி தங்க வருகிறாள். அதற்கு முன்னால் அறையை ஒரு பார்வை பார்க்க வந்தார். ஜன்னல் கம்பியை ஆட்டினார். குழாயைத் திறந்து மூடினார். மகளுக்கென்று ஃபோம் வெட்டி, மஞ்சள் துணி போட்டு அவன் தைத்துவைத்திருந்த மெத்தையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, "ம்" என்றார். பிறகு டீ கேட்டார். பால் இல்லை. அவன் கடைக்கு ஓடினான். அந்த ஐந்து நிமிடம் அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பாட்டிலும் புதிதில்லை. அவர் வீட்டில் அவர் குடித்து மிச்சம் வைத்த பாட்டில்தான். மாப்பிள்ளையைச் சோதிக்க மச்சான் செய்த செலவு பென்சில் மட்டும்.

அவன் குடித்துக்கொண்டிருந்தபோது சொந்தக்காரர் யாரும் அவன் அலமாரியைத் திறந்து பார்த்ததில்லை. இதே மச்சான் விசேஷ வீடுகளில் அவன் தோளில் கைபோட்டு, "மாப்ள வந்தாத்தான் களை கட்டும்" என்பார். நிறுத்திய பிறகுதான் எல்லாருக்கும் கண் திறந்தது. இந்த ஒன்றரை வருடத்தில் அவன் ஒன்றும் ஞானியாகிவிடவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது. காலையில் பசிக்கிறது. கத்தரி போட்ட கோட்டிலேயே ஓடுகிறது. சொன்ன தேதியில் சோபா போய்ச் சேருகிறது. சொந்தக்காரர்களுக்கு இதில்தான் ஏமாற்றம். விழுந்தவன் எழுந்தால், கொஞ்சம் அழுதுகாட்டியாவது எழ வேண்டாமா?

அலமாரியைச் சாத்திவிட்டு மாடிப்படிக்கு வந்து போன் போட்டான்.

"அக்கா, அலமாரில ஒண்ணு இருக்கு."

"உயிரோடயா?"

"முக்கால் உசுரு."

"தொட்டியா?"

"தெரியாம கை பட்டுருச்சு."

"கையக் கழுவிட்டு வெளியவே நில்லு. வர்றேன்."

அவள் பஸ் டிரைவர். புதன்கிழமைக் கூட்டத்தில் அவளுக்குப் பிரேக் என்று பெயர், அவனுக்கு சோபா. குடியையும் மாத்திரையையும் பொடியையும் விட்டவர்கள் ஒரு பள்ளிக்கூட அறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து பேசும் கூட்டம். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டில் கண்ணில் பட்டால் அதோடு தனியாக இருக்கக் கூடாது. ஆளைக் கூப்பிட வேண்டும். வருகிற ஆள் அதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அவள் வந்து, பாட்டிலைப் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டுப்பாட்டில் இருந்த ஓட்டை தெரிந்தது.

"எடுத்துட்டுப் போங்க அக்கா."

"எடுத்துட்டு? கீழ இறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் இதுவும் மட்டும் போகணும். நானும் தனிதானடா அப்போ?"

அவன் யோசித்தான். "கொட்டிடலாம்."

"எங்க? இந்தத் தொட்டிலயா? நாளைக்கு உன் பொண்ணு வந்து படுக்குற ரூமு. சுவரெல்லாம் பிராந்தி வாடை வீசும். அதுவும் போக, மட்டம் இறங்குனா உன் மச்சான் நீ குடிச்சேம்பாரு. பாட்டிலே காணோம்னா பாட்டிலோட முழுங்கிட்டேம்பாரு."

"அப்போ இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

"நாளைக்கு வரைக்குமா? ராத்திரி நீயும் அதுவும் பேசிக்கிட்டு இருப்பீங்களா?"

ராத்திரி அது பேசும் என்பது அவனுக்குத் தெரியும். நன்றாகவே பேசும்.

கடைசியில், வைத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாகி, துணிப்பையில் போட்டு, ஒரு காதை அவள் பிடிக்க, இன்னொரு காதை அவன் பிடிக்க, இரண்டு பேருமாகப் படி இறங்கினார்கள். பஸ்ஸில் பையை நடுவில் வைத்து, ஆளுக்கொரு காதை விடாமல் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் அவளுக்குத் தெரிந்தவர்.

"என்னக்கா, பைக்குள்ள தங்கமா?"

"பாம்பு" என்றாள் பிரேக்.

கண்ணாடிக் கடையில் அப்போதுதான் கதவு திறந்திருந்தது. உயர நாற்காலியில் ஒரு பெரியவர் கண் சோதிக்கும் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளை முறைத்துக்கொண்டிருந்தார். மச்சான் வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால் அவன் மனைவி ஒரு பிரேமின் திருகை ஊசி போன்ற ஸ்குரூ டிரைவரால் முடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நின்றது.

"என்ன மாப்ள, கடைப் பக்கம்? பிள்ள நாளைக்குத்தானே வர்றா?"

"உங்க பொருள் ஒண்ண என் ரூம்ல மறந்துட்டு வந்துட்டீங்க மச்சான்."

பையைப் பிரித்து, பிரேம்களுக்கு நடுவில் பாட்டிலை வைத்தார்கள்.

"இதா? இது என்னோடது இல்லையே."

சொல்லிக்கொண்டே எடுத்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். லேபிளின் ஓரத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டையும் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்குத் தன் கண் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

"உன்னோடது இல்லேன்னா, அதுல கோடு இருக்குறது உனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள் தங்கை.

மச்சான் பாட்டிலை இறக்கினார். தொண்டையைச் செருமினார்.

"நல்லதுக்குத்தாம்மா பண்ணேன். பொம்பளப் பிள்ளைய அனுப்புறோம். ஒரு பொறுப்பு வேணாமா? சும்மா ஒரு சோதனை."

"பாஸா, பெயிலா சார்?" என்றாள் பிரேக்.

"மட்டம் குறையல. ஒத்துக்கறேன்." அவர் தங்கையைப் பார்த்தார். "ஆனா குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி நிரப்பியிருந்தா? மாப்ளைக்கு அது புதுசா என்ன? நீ போட்ட கோட்டையெல்லாம் அப்படித்தானே ஏமாத்துனாரு?"

அது உண்மை. அவள் கோடு போடுவாள், அவன் குழாயைத் திறப்பான். வருடக்கணக்காக நடந்தது. மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பழைய பார்வை. பதில் கிடைக்காது என்று தெரிந்தே கேட்கிற பார்வை. மஞ்சள் மெத்தை காலியாகக் கிடக்கப்போவது அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. குடித்ததை ஊதிக்காட்டி நிரூபித்துவிடலாம். குடிக்காததை எதைக் காட்டி நிரூபிப்பது?

பிரேக்தான் பேசினாள்.

"அதுக்கு ஒரே வழிதான் சார். குடிச்சுப் பாருங்க. எங்க ரெண்டு பேருக்கும் முடியாது. உங்க தங்கச்சிக்கு ருசி தெரியாது. இங்க ருசி தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

"காலங்காத்தாலயா? என்னைய என்ன குடிகாரன்னு நெனச்சீங்களா? ஏதோ தூக்கத்துக்காக ராத்திரில, அளவா..."

"நாக்குல ஒரு சொட்டு சார். நியாயத்துக்காக."

நியாயத்துக்காக மச்சான் மூடியைத் திருகினார்.

வாசனை வந்தது. அவன் நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது. ஒன்றரை வருடத்தைப் பற்றி நாக்குக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. பிரேக் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்படிக்கு நகர்ந்தாள். அவளும் வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சான் மூடியில் ஊற்றி வாயில் விட்டார். கன்னத்தில் ஒதுக்கினார். மேலே பார்த்தார். விழுங்கினார்.

"சரியாப் பிடிபடல" என்றார்.

இரண்டாவது தடவை மூடியைத் தேடவில்லை. நேராகப் பாட்டிலிலிருந்தே.

"சார், நான் எந்த வரியப் படிக்கணும்?" என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர்.

"இருங்க ஐயா. அவசரப்படாதீங்க."

மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார். இறங்கிப் போவது தொண்டையில் தெரிந்தது. புறங்கையால் உதட்டைத் துடைத்தார்.

"தண்ணி இல்ல" என்றார். "சுத்தமான சரக்கு." முகத்தில் ஒரு பெருந்தன்மைகூட வந்துவிட்டது. "மாப்ள பாஸ். நான் எப்பவும் மாப்ளைய விட்டுக்குடுத்ததில்ல."

கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவர் மூடியை மாட்டாமலே பெரியவரிடம் திரும்பி வில்லையை எடுத்தார். வில்லை சட்டத்தில் உட்காராமல் நழுவித் தரையில் உருண்டது. குனிந்து தேடினார்.

அவன் வாசல்படியில் நின்றபடியே மனைவியிடம் கேட்டான். "நாளைக்குப் பிள்ளைய எத்தன மணிக்குக் கொண்டாந்து விடுற?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாள். மேஜைக்குக் கீழே குனிந்திருந்த முதுகைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த அண்ணனின் கார் சாவியை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னைக்கு ஸ்கூல் விட்டதும் பிள்ளைய யாரு கூட்டிட்டு வரப்போறா?"