இரண்டு மரை எலும்பு

அக்காவின் செயற்கை முன்பல் எக்ஸ்ரேயில், பல்லைத் தாங்கும் திருகைச் சுற்றிய எலும்பு இரண்டு மரை இறங்கியிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தைத் திரையில் பக்கத்தில் வைத்தேன். அதில் எலும்பு திருகின் தோள்வரை நின்றது. இப்போது மேலே இரண்டு மரைகள் பிடிமானமில்லாமல் தெரிந்தன. அளந்து, ஒன்றரை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டேன், யாருடைய தாடையையோ பார்ப்பதுபோல.

அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் காகிதத் துண்டு.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

“ஒண்ணுமில்லக்கா. இன்னொரு படம் எடுக்கணும்.”

“எடு, எடு. லைட்டு போட்டுப் பார்த்தாத்தானே உனக்கு என்னைத் தெரியும்.”

அம்மா போன பிறகு அவள் என்னிடம் பேசுவது இப்படித்தான். அம்மாவின் கடைசி நாட்களில் நான் வேறு ஊரில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தேன். அக்கா போன் செய்தாள். “நாளைக்கு வந்துடறேன்” என்றேன். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு வருடம் கழித்துக் குளியலறையில் வழுக்கி முன்பல் முறிந்தபோதுதான், வேறு வழியில்லாமல் என் கிளினிக்குக்கு வந்தாள்.

அவளுக்கு மெல்லிய ஈறு. டைட்டானிய உலோகம் வைத்தால் உள்ளேயிருந்து சாம்பல் நிழல் தட்டும். எலும்பில் இறக்கிய திருகு பிடித்ததும், திருகுக்கும் பல்லுக்கும் நடுவில் ஈறைத் தாண்டி நிற்கும் இணைப்புத் துண்டை சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானில் செய்யச் சொன்னேன். அவளும் வெள்ளையாகத்தான் கேட்டாள். அந்த முடிவில் பிழையில்லை. நான் படித்தவரை, எலும்பைப் பொறுத்தமட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பிழை வேறு. அந்தத் துண்டை ஈறு சட்டைக் கழுத்துபோல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கழற்றினால் பிடி கிழியும். மறுபடி ஒட்டும், ஆனால் முடியளவு தள்ளி. திரும்பத் திரும்பக் கிழித்தால் எலும்பு இடம் விட்டுக்கொடுத்துப் பின்வாங்கும். பல் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

நான் ஏழு தடவை கழற்றினேன். முதல் தடவை பொருத்தம் பார்க்க, அடுத்தது மஞ்சள் தூக்கலாக இருந்ததற்காக. அதற்குப் பிறகு நானேதான் போன் செய்தேன். நிறத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், திருகின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும், ஓரத்தை மெருகேற்ற வேண்டும். அவள் வருவாள். அவள் வாய் திறந்திருக்கும் நாற்பது நிமிடமும் நான் பேசுவேன். வீட்டுக் குழாய், பெரியம்மாவின் முழங்கால், எதையாவது. “வாய்க்குள்ள கையை விட்டுக்கிட்டுக் கேள்வி கேட்டா எப்படிடி பதில் சொல்றது?” என்று எச்சில் உறிஞ்சும் குழாயோடே திட்டுவாள். அந்தத் திட்டு எனக்குப் போதும் என்று நினைத்திருந்தேன்.

பக்க அறைக்குப் போய், பல் செய்து தரும் லேப்காரருக்குப் போன் செய்தேன்.

“மறுபடியும் அக்கா பல்லா மேடம்? என் மேசைக்கு வந்து வந்து அது எனக்குச் சொந்தமாவே ஆயிடுச்சு. கல்யாணப் பத்திரிகைதான் இன்னும் வைக்கலை.”

“எலும்பு இறங்கியிருக்கு.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “சிர்கோனியா ஒத்துக்கலைன்னு சொல்லிடுங்க. பழியை அது மேல போட்டா, வாயைத் திறந்து மறுக்கவா போகுது?”

நான் திரும்பி வந்தபோது அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு எங்கே குறைந்திருக்கிறது என்று காட்டினேன்.

“வெள்ளையா வேணும்னு ஆசைப்பட்டேன் பாரு, அதனாலயா? டைட்டானியமே போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதில்ல?”

‘ஆமாம்’ என்றால் போதும். தன்னைத் தானே நொந்துகொண்டு, தொடர்ந்து என்னிடமே வருவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததற்காக வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, வெட்கம் வரவில்லை.

“வெள்ளை காரணமில்லக்கா. நான் கழட்டிக் கழட்டி மாட்டினதுதான்.”

“எத்தனை தடவை?”

“ஏழு.”

“எத்தனை தேவைப்பட்டுது?”

“ரெண்டு.”

காகிதத் துண்டை அவளே அவிழ்த்தாள். “மிச்சம் எதுக்குடி?”

“நீ வருவேன்னு.”

அவள் மேலே விளக்கைப் பார்த்தாள். “சும்மா கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்தான்” என்றாள். அதில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. “பல்லு விழுந்துடுமா?”

“இப்போ ஆடலை. சுத்தம் பண்ணிட்டு, கழட்டாம விட்டா நிக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

“வேற டாக்டர்கிட்ட போறேன். லெட்டர் எழுதிக் குடு.”

மேசையில் உட்கார்ந்து எழுதினேன். திருகின் அளவு, இணைப்பின் பொருள், போட்ட தேதி, எலும்பு இழப்பு, கழற்றிய எண்ணிக்கை. கையெழுத்துப் போட்டு, இரண்டு படங்களையும் உறையில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“ஏழுன்னே எழுதியிருக்கே.”

“ஆமா.”

“ஏன்னு கேட்பாரே.”

“கேட்பார்.”

“நான் என்னன்னு சொல்றது?”

அவள் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

அவள் துப்பிய கிண்ணத்தில் தண்ணீர் திறந்துவிட்டேன்.