கட்டத்துக்குள் ஒன்றுமில்லை

கயல்விழி எழுதிய பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தை அம்சம் மூன்று முறை படித்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பதினான்கு வருடமாக அறிவியல் நடத்துகிறவள் அம்சம். கயல்விழி அடுத்த ஊர்ப் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ‘நம் வயலில் யார் குடியிருக்கிறார்கள்?’ என்று ஒரு பாடம் எழுதி, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அறுபது கும்பிடு வாங்கிவிட்டாள். அதை நடத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அம்சத்தைத்தான் கேட்டிருந்தார்கள். ‘பயன்பட்டது’ என்று அவள் சொன்னால் எல்லாப் பள்ளிக்கும் போகும். ‘பயன்படவில்லை’ என்றால் அத்தோடு சரி.

பிள்ளைகளைத் தன் வீட்டுக்காரர் வீரையனின் வயலுக்கு அழைத்துப் போனாள். போன வாரம்தான் அங்கே மருந்து அடித்திருந்தது. ஒரு பூச்சிகூட மிஞ்சியிருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

குச்சிகளால் கட்டிய சதுரத்தை வரப்போரம் தண்ணீரில் வைத்தாள். “யாரும் உள்ள எறங்காதீங்க. வரப்புலேருந்தே பாருங்க.”

அந்தக் கட்டத்துக்குள் என்னென்ன உயிர்கள் என்று பத்து நிமிடம் பேசாமல் பார்த்து எழுத வேண்டும் என்பது பாடத்தின் விதி. பிள்ளைகள் கட்டத்தையே பார்த்திருந்தார்கள். அம்சத்துக்குக் கண் முன்னால் அந்த அறுபது கும்பிடுகள்தாம் தெரிந்தன.

“டீச்சர், ஒண்ணுமே இல்ல” என்றாள் ஏழாம் வகுப்புச் செம்மொழி.

அம்சத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. “அப்ப பாடம் அவ்வளவுதான். கெளம்புங்க.”

“இல்ல டீச்சர், பின்னாடிப் பக்கம் போட்டிருக்கு.” ஜெராக்ஸ் தாளைத் திருப்பி வாசித்தாள். “‘ஒன்றும் இல்லையென்றால் சுழியம் என்று எழுதவும். காரணத்தை வயல்காரரிடம் கேட்கவும்.’”

கயல்விழி இதையுமா யோசித்து வைத்திருக்கிறாள்!

வயல்காரர் மண்வெட்டியோடு எதிரிலேயே வந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

“எத்தன தடவ மருந்து அடிச்சீங்க மாமா?”

“மூணு.”

“அவ்வளவு புழுவா?”

வீரையன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். “புழு அவ்வளவா இல்லம்மா. பக்கத்து வயலு கரும்பச்சையா நின்னுச்சு. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல.” மண்வெட்டியை வரப்பில் ஊன்றிக்கொண்டு, “தவளச் சத்தம்கூட நின்னு போச்சு” என்றார்.

பென்சில்கள் ஓடின. அம்சம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், நாளைக்கு மருந்து அடிக்காத வயல்ல வச்சுப் பாப்பமா?” என்றாள் செம்மொழி.

நாளைய பாடத்தை இன்றே கேட்ட பிள்ளையைப் பதினான்கு வருடத்தில் அம்சம் கண்டதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அம்சத்தின் பாடத்தை இல்லை, கயல்விழியின் பாடத்தை.

சாயங்காலம் செல்போனில் படிவத்தைத் திறந்தாள். ‘பயன்படவில்லை’யின் மேல் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு ‘பயன்பட்டது’ என்பதை அழுத்தினாள்.

கீழே ‘குறைகள்’ என்று ஓர் இடம் இருந்தது. அதைக் காலியாக விட மனம் வரவில்லை. முதல் பக்கத்தை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு எழுதினாள்: ‘நண்டுப் படம் சிறியதாக உள்ளது.’