அப்பாவின் இலையில் வைத்தது

கல்வராயன் மலையடிவாரத்து அரசுப் பள்ளியில் போதை ஒழிப்பு மன்றம் ஒன்று தொடங்கினார்கள். எழில்மதி டீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. சாராயம் எது, புகையிலைப் பொட்டலம் எது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் பழக வேண்டும் என்பது டீச்சரின் எண்ணம். அதற்காக ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாடகம் வைத்தார். கொடுப்பவன் பகலவன், மறுப்பவன் சுபாஷ்.

"இன்னாடா பயந்தாங்கொள்ளி, ஒரே ஒரு வாய்டா," என்று பகலவன் தோளில் கைபோட்டான்.

"நீ குடிச்சிக்கினு கணக்குல எவ்ளோ வாங்கன, அத்த சொல்லு மொதல்ல."

வகுப்பே சிரித்தது. கூட்டாளி கொடுத்தால், கடைக்காரன் கொடுத்தால், பஸ்ஸில் பக்கத்து ஆள் கொடுத்தால் என்று எல்லாவற்றுக்கும் சுபாஷிடம் ஒரு பதில் இருந்தது. அவனுடைய அப்பா முனியன் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு அப்போது படுக்கையில் கிடந்தார். இந்தப் பிள்ளையாவது தப்பிக்கட்டும் என்று டீச்சர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

தை பிறப்பதற்குள் முனியன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையலுக்கு டீச்சரும் போனார். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்திருந்தார்கள். கறிக்குழம்பு, அவித்த முட்டை, பீடிக்கட்டு, கூடவே ஒரு பாக்கெட் சாராயம். வாங்கி வரச் சொன்னது சுபாஷின் அம்மா ஜெயம்மாள்தான். அவள்மேல் கோபப்படாதீர்கள், கண்ணுகளா. அந்தச் சாராயத்துக்காகவே புருஷனோடு வருஷக் கணக்கில் சண்டை போட்டவள் அவள். போன பிறகாவது மனுஷன் ஏங்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

சூடம் அணைந்ததும் சித்தப்பா வீரமுத்து பாக்கெட்டை டம்ளரில் ஊற்றினார்.

"அப்பனுக்கு வச்சதுடா. மூத்த புள்ள வாயில பட்டாத்தான் அவனுக்குப் போயி சேரும்."

மொட்டைத் தலையோடு நின்ற சுபாஷ், டீச்சரைத் திரும்பிப் பார்த்தான்.

"சின்னப் பையன்ங்க. வேணாமே," என்றார் டீச்சர்.

"இது பள்ளிக்கூடம் இல்லீங்க டீச்சர். எழவு வூடு." வீரமுத்து கோபமாகச் சொல்லவில்லை.

கூட்டாளிக்கும் கடைக்காரனுக்கும் பதில் வைத்திருந்த பிள்ளை, அப்பாவின் பங்கை எப்படி வேண்டாம் என்பான்? அம்மாவைப் பார்த்தான்.

"ஒரு வாய் குடிச்சிட்றா கண்ணு. அப்பாவுக்காக."

குடித்தான். புரையேறி இருமினான்.

"அப்பன மாரியே இருமறான் பாரு!" என்றார் யாரோ. பதினாறு நாளாக அழுதுகொண்டிருந்த வீடு அன்றைக்குத்தான் சிரித்தது. ஜெயம்மாளும் சிரித்தாள்.

அடுத்த அமாவாசைக்கு அவள் சோறும் கீரையும் மட்டும் படைத்தாள். சுபாஷ் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து இலையில் வைத்தான்.

"இன்னாடா இது?"

"அப்பாவுக்குமா."

அவள் சூடத்தைக் கொளுத்தினாள். போகப் போக அவன் அமாவாசைக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டான். அப்பா படத்தின் முன்னால் பாக்கெட்டை வைப்பான், கொஞ்ச நேரம் நிற்பான், எடுத்துக்கொண்டு வெளியே போவான்.

பத்து நாளாகப் பையன் பள்ளிக்கு வரவில்லை என்று டீச்சர் வீட்டுக்கு வந்தார். பகல் பதினோரு மணிக்கு சுபாஷ் தரையில் படுத்துக் கிடந்தான். ஜெயம்மாள் பாயை விரித்து டீச்சரை உட்காரச் சொன்னாள்.

"வேணாம்னு எப்பிடி சொல்றதுன்னு பசங்களுக்குக் கத்துக் குடுத்தீங்களாமே. எனக்கும் ரெண்டு வார்த்த சொல்லிக் குடுங்க டீச்சர். நான் வாயத் தொறந்தா, நீதான குடிக்கச் சொன்னன்றான்."

டீச்சர் எழுந்து போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சுபாஷ், எழுந்திருப்பா. பகலவன் உன்ன தெனமும் கேக்கறான்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பள்ளியில் மதிய வகுப்புக்கு மணி அடிக்கும் நேரம் தாண்டியும் டீச்சர் எழுந்திருக்கவில்லை.