நாற்பது சுற்று

ஒடாலிஸ் ஐஸ்கட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தாள். ஹவானாவில் அன்று மதியம்தான் கரண்ட் வந்திருந்தது. மேல்வீட்டுக்காரியின் ஃப்ரிட்ஜில் உறைந்தது அவ்வளவுதான்.

அவள் அப்பா எவேலியோ படுக்கையில் கிடந்தார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. கடைசியாகக் கேட்டது எல் பிரசிடெண்டே என்ற ரம் கலவை ஒரு கிளாஸ். இன்றோ நாளையோ என்று சொன்ன டாக்டர், எதைக் கேட்டாலும் அதில் உதட்டை நனைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அடுக்களையில் சித்தப்பா ருபேன் நின்றிருந்தார். அவள்தான் ஆள் அனுப்பியிருந்தாள். அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம். ஒடாலிஸின் கல்யாணத்தில் ருபேன் இந்தப் பானத்தை மூடி போட்ட பாட்டிலில் குலுக்கிக் கொண்டுவந்தார். கரண்டியால் மெல்லக் கலக்க வேண்டியதைக் குலுக்கியதால் அது கலங்கிப் போயிருந்தது. சாக்கடைத் தண்ணி என்றார் எவேலியோ, சம்பந்தி வீட்டார் முன்னால். ருபேன் பன்றிக்கறியைத் தொடாமல் எழுந்து போனவர்தான்.

இப்போது அவர் ரம், வெர்மூத் ஒயின், ஆரஞ்சு மது, நாலு சொட்டு மாதுளைப் பாகு எல்லாவற்றையும் பாட்டிலில் ஊற்றினார். ஐஸைப் போட்டு மூடினார். குலுக்கினார்.

"யாருடா குலுக்குறது?"

அறைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். ஒடாலிஸின் கையிலிருந்த துண்டு நழுவியது.

"நான்தாண்ணே."

"அதான பாத்தேன். கீழ கொட்டிட்டு கலக்கு. நாப்பது சுத்து."

ருபேன் கொட்டவில்லை. ரம் கிடைப்பது அவ்வளவு சுலபமா? அண்ணனுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் கண்ணாடிக் கூஜாவுக்கு மாற்றி, ஒரு பெரிய கரண்டியோடு கட்டிலோரம் போய் உட்கார்ந்தார். எவேலியோ கண்ணை மூடிக்கொண்டே எண்ணினார். பன்னிரண்டில் வேகம் அதிகம் என்றார். இருபதில் கரண்டி கண்ணாடியில் இடிக்கிறது என்றார்.

"கல்யாணத்துல உன்னை சாப்பிடாம அனுப்பிட்டேன்டா," என்றார் நடுவில். பிறகு, "இருபத்தேழு."

ருபேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கலக்கினார். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

அதற்குமேல் எண்ணிக்கை வரவில்லை. ஒடாலிஸ் அப்பாவின் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

கரண்டி நின்றிருந்தது.

"எத்தனைல விட்டாரு?" என்று கேட்டார் ருபேன், கூஜாவைப் பார்த்தபடியே.

"முப்பத்திரெண்டு, சித்தப்பா."

அவர் கரண்டியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் இடிக்காமல், முப்பத்து மூன்றாவது சுற்றை ஆரம்பித்தார்.