மக்கத்துத் துணி

பெட்டியின் பூட்டு உடைந்திருக்கவில்லை. நுஸைபாவுக்கு முதல் உறுத்தல் அதுதான். அத்தாவின் இடுப்பு பெல்ட்டிலிருந்து காலையில் கழற்றிய சாவியைப் போட்டதும் பச்சை டிரங்குப் பெட்டி சமர்த்தாகத் திறந்துகொண்டது. மேலே பாஸ்போர்ட், தஸ்பீஹ் மணி, பாதி ஜம்ஜம் தண்ணீருடன் ஒரு பாட்டில். அதற்கு அடியில் பாலிதீன் உறை. உறையின் வாயில் அவளுடன் பிறந்த சமீர் ஒட்டிய பழுப்பு டேப்பும் இருந்தது. ஆனால் அது இரண்டாம் தடவை ஒட்டிய டேப். முதல் தடவை ஒட்டியதன் தடம் அரை விரல் தள்ளிப் பளபளத்துக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பால்காரர் அளக்கும்போது கட்டை விரல் உழக்குக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்கிறவள் நுஸைபா. சார்ஜாவிலிருந்து புருஷன் ஃபாஜில் போன் செய்தால், பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்து அவன் சாப்பிட்டானா, சாப்பிட்டதாகப் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடித்துவிடுவாள். “எங்க வீட்டு சி.ஐ.டி.” என்றுதான் அத்தா மகளைச் சொல்வார். அவர் முன்கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடிகாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிக்கும்போது மூச்சு நின்றிருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

நுஸைபா உறையைப் பிரித்தாள். இறந்தவரைப் பொதியும் கபன் துணி இல்லை. அதே அளவுக்கு மடித்து, அதே கனத்துக்கு ஒரு பழைய வேட்டியை வைத்திருந்தார்கள்.

அது வெறும் துணியா? ஐந்து வருஷத்துக்கு முன்னால் சமீர் ஜித்தாவிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பி அத்தாவை ஹஜ்ஜுக்கு வரவழைத்தான். திரும்பும்போது மக்காவில் ஒரு கடையில் கபனுக்கென்று துணி வாங்கி, ஜம்ஜம் கிணற்றின் புனிதத் தண்ணீரில் நனைத்து, எட்டுப் பேர் படுக்கும் தன் அறையின் மொட்டைமாடியில் தானே காவல் இருந்து காயவைத்துக் கொடுத்தான். “அந்த நேரத்துல நான் வந்து சேருவனோ என்னமோத்தா. இது உங்ககூட வரும்” என்றானாம். அத்தா ஊர் வந்து இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

அவன் பயந்தபடியே ஆயிற்று. காலை பதினொரு மணிக்கு போன் செய்தான். நாளைக்குத்தான் விமானம். “என்னால மண்ணு அள்ளிப் போட முடியாது நுஸைபா. அந்தத் துணியாவது ஒழுங்காப் போடுங்க. எடுத்துட்டியா?” என்று கேட்டான். எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தாள்.

“ம்மா, இந்தச் சாவி அத்தா இடுப்ப விட்டு எப்பவாவது எறங்கியிருக்கா?”

யாசீன் ஓதிக்கொண்டிருந்த ஷம்சாத் மகளைப் பார்த்தாள். “இப்ப என்னடி சாவி? அந்த மனுசரே எறங்கிட்டாரு” என்று சொல்லிவிட்டு ஓத ஆரம்பித்தாள்.

முதலில் பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாவை நினைத்தாள். இடியாப்ப உரலை இரவல் வாங்கி மூன்று வருஷம் வைத்திருந்த பெண்பிள்ளை. ஆனால் கமருன்னிஸா எடுத்தால் எடுத்ததுதான். பதிலுக்கு ஒன்றை மடித்துவைக்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது. இது ஆற அமரச் செய்த வேலை. நுஸைபா வேட்டியை உதறிப் பார்த்தாள். கறுப்பு சிவப்புக் கரை. முனையில் உள்ளங்கை அகலத்துக்கு வாழைக்கறை.

யாருடையது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவளுடைய கல்யாணத்துக்கு வாழைத்தார் சுமந்து வந்து இந்தக் கறையை வாங்கிக்கொண்டவர் தங்கையன். அத்தாவின் சிநேகிதர். ஒரு காலத்தில் பண்ணைக்கு வேலை செய்து, பிறகு ஒரு ஏக்கர் சொந்தமாக வாங்கி நட்டவர். பூதலூர் ஸ்டேஷனுக்கு எதிரே அத்தா வைத்திருந்த சைக்கிள் கடைக்கு நாலு மணிக்கு வந்துவிடுவார். இரண்டு பேரும் ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்துக்கொண்டு, பாசஞ்சர் ரயில் இன்றைக்கு எத்தனை நிமிஷம் லேட் என்று பந்தயம் கட்டுவார்கள். நோன்பு மாதத்தில் ஒரு தூக்குக் கஞ்சி தங்கையன் வீட்டுக்குப் போகும். பொங்கலுக்கு அங்கிருந்து கரும்புக் கட்டு வரும். வேளாங்கண்ணிக்குத் தங்கையனுக்கு ஏதோ நேர்த்திக்கடன்; வருஷா வருஷம் அத்தாவும் கூடப் போவார், கேட்டால் கடல் காற்று வாங்க என்பார்.

தங்கையன் செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருடைய வேட்டி இந்தப் பூட்டிய பெட்டிக்குள் நடந்து வந்திருக்காது. நுஸைபாவின் மனம் வேலை செய்ய ஆரம்பித்தது. அத்தா படுக்கையில் விழுந்து நுஸைபா புகுந்த ஊரிலிருந்து வந்த இந்த ஒரு மாதமாக, தங்கையன் மனைவி அம்சம் தினமும் இங்கே வந்தாள். அத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்க, கஞ்சி கொடுக்க. காரணம் இல்லாமல் ஒருத்தி தினமும் வருவாளா? பெட்டியை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் பெருக்கியதை நுஸைபாவே பார்த்திருக்கிறாள். நினைக்க நினைக்க எல்லாம் சரியாகப் பொருந்தியது. பொருந்தியதில் அவளுக்கு ஒரு திருப்திகூட வந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

அம்சம் கிணற்றடியில் உட்கார்ந்து இலந்தை இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அத்தாவின் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் போடுவதற்கான இலை. யாரும் சொல்லாமலே தன் வயல் வரப்பிலிருந்து கிளையை வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அதையும் சந்தேகமாகத்தான் நுஸைபா பார்த்தாள். பார்வை அம்சத்தின் இடுப்புக்குப் போனது. எப்போதும் கலர் புடவை கட்டுகிறவள் இன்றைக்கு வெள்ளை கட்டியிருந்தாள். இடுப்பில் செருகிய முந்தானையின் ஓரத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை. அரபு எழுத்து. மக்காக் கடைக்காரன் குத்தியது.

“அம்சக்கா, இந்தப் புடவை ஏது?”

“ஏன் பாப்பா?”

“ஓரத்துல அரபு எழுத்து இருக்கே.”

“ஆமா, எத்தனை தடவ வெளுத்தாலும் போகல அது. சாவு வீட்டுக்கு மட்டுந்தான் இதக் கட்டுறது.”

“எங்க வாங்குனீங்க?”

“வாங்கல.”

“அப்ப எடுத்தீங்களா?”

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. நுஸைபா வேட்டியை விரித்துக் காட்டினாள். அம்சம் கோபப்படுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்சம் வேட்டியை வாங்கி மடியில் போட்டுக் கறையை விரலால் தடவினாள்.

“அண்ணன், ஒங்கத்தா, ஒங்கிட்ட சொல்லவே இல்லியா?”

“எதை?”

“எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு காவிரித் தண்ணிக்காகக் கடையடைப்பு. பஸ்சு ஓடல. எந்தம்பி திருப்பூர்ல மாட்டிக்கிட்டான். பொறந்த வீட்டுக் கோடி போடணும் பாப்பா எங்கள்ல. புருசன் போயிட்டா, கூடப்பொறந்தவன் புதுத்துணி கொண்டாந்து எம்மேல போத்தணும். அது வராம பொணத்தத் தூக்க மாட்டாங்க. மத்தியானம் வரைக்கும் கெடக்குது. ‘இவளுக்கு யாரும் இல்லன்னு முடிச்சிட்டுத் தூக்குங்க’ன்னு தெருவுல ஒருத்தி சத்தமாச் சொல்றா. அவரு போனதவிட அதுதான் பாப்பா எனக்குத் தாங்கல.”

நுஸைபா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

“அண்ணன் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. சைக்கிள எடுத்துட்டுப் போனாரு. வரும்போது கையில வெள்ளைத்துணி. எந்தலையோட போத்திவுட்டு, ‘பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சு, தூக்குங்க’ன்னாரு. என்ன துணின்னு எனக்கு அப்பத் தெரியாது. கருமாதி முடிஞ்சுதான் சொன்னாரு. கைய ஒதறிட்டேன். ‘கோடியத் திருப்பிக் குடுத்தா நான் ஒன்கூடப் பொறந்தவன் இல்லேன்னு ஆயிடும்’னுட்டாரு.”

“யாரு பாத்தா?” கேட்டுவிட்டுத்தான், கேட்டோம் என்று நுஸைபாவுக்குத் தெரிந்தது.

“ஊரே பாத்துச்சு. எம் மவ கனிமொழியக் கேளு.”

“அப்ப இந்த வேட்டி?”

“அது அண்ணன் கேட்டு வாங்கிட்டுப் போனது.” அம்சத்தின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “‘நுஸைபா வந்தா உறையத் தடவிப் பாப்பா, கனம் கொறஞ்சா கண்டுபுடிச்சிடுவா’ன்னாரு. சமீர் தம்பிக்குத் தெரியாம இன்னொண்ணு வாங்கி வச்சிடுறேன்னும் சொன்னாரு. அதுக்குள்ள படுத்துட்டாரு.”

அத்தா தன்னிடம் பயந்திருக்கிறார். அதுதான் நுஸைபாவைச் சுட்டது. மகளிடம் சொல்லியிருக்கலாமே என்று மனம் பொருமியது. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதும் கூடவே தெரிந்தது. அன்றைக்கே கிளம்பி வந்து அம்சத்திடம் அந்தத் துணியைத் திருப்பிக் கேட்டிருப்பாள்.

அம்சம் இலைகளை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்தாள். “செத்த இரு பாப்பா. கனிமொழிய மாத்துப் புடவை கொண்டாரச் சொல்றேன். அவுத்து அலசித் தந்துடுறேன். இது பாதிதான். மீதிய பேத்திக்குத் தூளி கட்டியிருக்கு, அதையும் அவுத்தாரச் சொல்லிடுறேன். புள்ள தரையில தூங்கட்டும். அவருக்குன்னு மக்காவுலேர்ந்து வந்தது.”

நுஸைபாவுக்கு உடனே வேண்டாம் என்று வாய் வரவில்லை. அஸருக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அலசிப் போட்டால் இந்த வெயிலுக்கு அரை மணியில் காய்ந்துவிடும். சமீருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. கையில் செல்போன் அடித்தது. ஜித்தா நம்பர்.

“எடுத்துட்டியா?”

அவள் அம்சத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அத எடுக்க முடியாது சமீர். அத்தாவே அத ஒருத்தவங்களுக்குப் போத்திட்டாங்க.” எங்கே, எதற்கு என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். மறுமுனையில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நடுரோட்டில் நிற்கிறான் என்று தெரிந்தது. அழுகிறான் என்றும் தெரிந்தது.

“பூதலூர்ல நல்ல மல்லுத் துணியா கெடைக்குமா?” என்று கடைசியில் கேட்டான்.

“கெடைக்கும்.”

“அந்த ஜம்ஜம் தண்ணி மிச்சம் இருக்கா?”

“இருக்கு.”

“அதையாவது தெளிச்சுவுடு” என்று வைத்துவிட்டான்.

நுஸைபா அம்சத்திடம் திரும்பினாள். “மாத்துப் புடவை எல்லாம் வேணாம். தண்ணி கொதிக்குது பாருங்க, இலையப் போடுங்க” என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்கத் தெரியவில்லை.

அஸருக்கு அரை மணி இருக்கும்போது குளிப்பாட்டி, கடைத்துணியில் பொதிந்து, கூடத்தில், தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் அத்தாவைக் கிடத்தினார்கள். முகத்தை மட்டும் திறந்துவைத்து, தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வாசலில் வந்து நின்றார். “சொந்தப் பொம்பளைங்க மட்டும் வந்து முகம் பாத்துக்கங்க. பொண்டாட்டி, மக, கூடப்பொறந்தவங்க. மத்தவங்க உள்ள வர வேணாம்.”

மற்ற பெண்கள் பின்வாங்கினார்கள். ஷம்சாத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பார்க்கவைத்தார்கள். நுஸைபா பார்த்தாள். பாட்டிலைத் திறந்து மீதித் தண்ணீரைத் தெளித்தாள். பிறகு கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“குப்பி!”

அத்தாவின் கூடப்பிறந்தவளைக் கூப்பிடும் முறை அது. அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படி யாரையும் கூப்பிட்டதில்லை. அதனால் ஒருவரும் திரும்பவில்லை. கதவோரம் ஈரக் கையோடு நின்ற அம்சமும் திரும்பவில்லை. நுஸைபா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்தாள்.

ஹஜ்ரத் குறுக்கே வந்தார். “இது யாரும்மா?”

“அத்தாவோட தங்கச்சி.”

முப்பது வருஷமாக அந்தப் பள்ளிவாசலில் இருப்பவர் ஹஜ்ரத். அத்தா மீரா உசேனுக்குக் கூடப்பிறந்தவர் ஒருத்தரும் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். நுஸைபாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

அம்சம் இடுப்பிலிருந்த முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குனிந்தபோது அந்த ஊதா எழுத்து அவள் காதோரம் தொங்கியது.

“புதுத்துணி, மொடமொடன்னு இருக்கே” என்று மட்டும் சொன்னாள். அவர் கன்னத்தருகே விறைத்து நின்ற மடிப்பை, ஈரக் கையால் நீவி நீவிப் படியவைத்தாள்.