ஆறாவது வரி

ஆறாவது வரியை அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. சுட்டியை இழுத்தாள், வரி நீலமானது, ஒரு விசையைத் தட்டினாள், போய்விட்டது. அந்த இடத்தில், துறைத்தலைவர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்தாள்: ‘நிறுத்தத்தில் இறங்கி வலப்பக்கம் இருநூறு மீட்டர் நடந்து, சிக்னலில் சாலையைக் கடக்கவும்.’ மாநாட்டுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களுக்கான பயணத் தகவல் இணையப் பக்கத்தில் இப்போது ஒரு குற்றம் குறை சொல்ல முடியாது. மணி பதினொன்றேகால். அந்தப் பக்கத்தை நம்பி வந்த முதிய பேராசிரியர் ஒருவர் கார் மோதி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்க ஆரம்பித்துப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

மண்ணியல் துறை அலுவலகத்தில் அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர். பெயர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாநாடு வரும். வருகிறவர்களுக்கு வழி எழுதுவது அவள் வேலை. மற்ற துறைகளில் இதை ஒரு வரைபடத்தை ஒட்டி முடித்துவிடுவார்கள். இவள் அப்படியில்லை. ஒரு நீலச் சக்கரப் பெட்டியில் பழைய விடைத்தாள் கட்டுகளைத் திணித்து, பதினெட்டு கிலோ வருகிறதா என்று தபால் அறைத் தராசில் நிறுத்து, அதை இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விடுவாள். அங்கிருந்து புது ஆள் மாதிரி வெளியே வந்து, பேருந்து பிடித்து, இறங்கி, படியேறி, நடந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு வருவாள். விமானமே ஏறாதவள் விமானத்திலிருந்து இறங்கி வருகிறாள் என்று ஆபீசில் ஒரே சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள், புது ஊரில் பெட்டியோடு நின்று விழிப்பது எப்படி இருக்கும் என்று அவள் ஒருத்தியாவது யோசிக்க வேண்டாமா?

அவள் எழுதுகிற விதமும் தனி. ‘குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், சுவைக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ ‘விடுதி அறையில் இஸ்திரிப் பெட்டி உண்டு, ஆனால் அதன் வயர் குட்டை, தரையில் உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும்.’ ‘பேருந்து ஓட்டுநர் முறைப்பார், அது கோபமல்ல, முகமே அப்படி.’ இதையெல்லாம் படித்துவிட்டு, வந்திறங்கியதும் அவளைத் தேடி வந்து கைகுலுக்கிய பேராசிரியர்கள் உண்டு. இன்னும் நிரந்தரமாகாத வேலை, வருடா வருடம் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம். அந்த வேலையில் அவளுக்கென்று இருந்த ஒரே மரியாதை அந்தப் பக்கம்தான்.

இந்த முறை அவள் நடக்கவில்லை. அதுதான் விஷயம். காலில் வலி இல்லை, வீட்டில் யாருக்கும் சுகமில்லாமல் போகவில்லை, சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு காரணமும் இல்லை. வழக்கம்போல அரைநாள் அனுமதி கேட்டு, புதிதாக வந்திருந்த கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றாள். அவர் தாளைப் படித்துவிட்டு அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "பெட்டியை இழுத்துக்கிட்டு ஊர் சுத்துறதுக்கு அரைநாளா? போன தடவை எழுதினதையே போடுங்க. ரோடு என்ன நடந்தா போயிடும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடமாகச் சிரித்தவர்கள்தான், ஆனால் அன்றைக்கு என்னவோ அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. சரி, உங்களுக்கு அவ்வளவுதான் என்றால் எனக்கும் அவ்வளவுதான் என்று வீம்பு பிடித்தது. சீட்டுக்கு வந்தாள், பழைய பக்கத்தைத் திறந்தாள், தேதியை மட்டும் மாற்றிப் போட்டாள். மூன்று நிமிட வேலை. அவள் வீடு ஊரின் மறுகோடியில், வேலைக்கு வந்துபோவது பல்கலைக்கழகத்தின் பின்வாசல் வழியாக, அந்தச் சாலைப் பக்கம் அவள் போய் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நிறுத்தத்தின் பக்கத்து நடைமேம்பாலத்தை இரண்டு மாதம் முன்பே அறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"நாம ஒண்ணும் தப்புப் பண்ணல" என்று துறைத்தலைவர் காலையிலேயே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். "வயசானவர், கவனிக்காம கடந்துட்டார். போலீஸும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. நீங்க அந்தப் பக்கத்தை மட்டும் சரி பண்ணிடுங்க. எப்பவோ சரி பண்ணின மாதிரி இருக்கட்டும். என்ன?"

"சரி சார்" என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் வரும்வரை பல்கலைக்கழகத்தின் சார்பில் யாராவது வேண்டுமாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி வழியாகப் பார்த்ததில் பேராசிரியரின் முகம் தெரியவில்லை, கட்டும் குழாயும்தான் தெரிந்தன. போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் நகங்கள் நேற்றுத்தான் வெட்டியதுபோல ஒழுங்காக இருந்தன. ஊருக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து வெட்டியிருப்பார். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடி, கைக்கடிகாரம், பர்ஸ், ஒரு பென்சில், நான்காக மடித்த தாள்.

தாளைப் பிரிக்காமலே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தாள். அவளுடைய பக்கம். ஒவ்வொரு வரியும் முடிய முடிய மனிதர் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்று, டிக். இரண்டு, டிக். மூன்றாவதில் ஓட்டுநர் முறைப்பார் என்ற இடத்தில் டிக் போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘உண்மை’ என்று எழுதியிருந்தார். நான்கு, ஐந்து. ஆறாவது வரி: ‘நிறுத்தத்தை ஒட்டியே நடைமேம்பாலம். நாற்பத்திரண்டு படிகள், நடுவில் இளைப்பாற ஒரு மேடை. பெட்டி கனமென்றால் அவசரமே வேண்டாம், பாலம் எங்கேயும் ஓடிப்போகாது.’ அங்கே டிக் இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் செருப்புக்கடை வைத்திருப்பவர், வளவளவென்று பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீயா காரை ஓட்டின?" என்றார்.

"நான்தான் அவரை அங்க கொண்டுபோய் நிறுத்தினேன்."

"தாளைக் கிழிச்சுப் போடு. வேலை போயிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருடமாக அவளுக்கு ஒரு கெடுதல் நினைத்ததில்லை. இப்போதும் நல்லது நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பேராசிரியரின் மனைவி வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. இந்த மொழி பேசுகிறவர்கள்தான், நாற்பது வருடத்துக்கு முன்னால் வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். கார் அனுப்புகிறோம் என்று துறைத்தலைவர் சொன்னதற்கு அந்த அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். முன்பின் தெரியாதவர்களோடு காரில் உட்கார்ந்து பேச முடியாது, அவர் வந்த பஸ்ஸிலேயே வருகிறேன், வழி மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்றாராம். புதன்கிழமை அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நீலப் பெட்டியை எடுத்தாள், விடைத்தாள்களை அடுக்கினாள், நிறுத்தாள், கிளம்பினாள். விமான நிலையத்தின் எந்த வாசல், எத்தனையாவது தூண், பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, விபத்து நடந்த நிறுத்தத்தைத் தாண்டி இரண்டாவதில் இறங்க வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்த லிஃப்ட் வேலை செய்யவில்லை, எல்லாவற்றையும் குறித்தாள். ஒருமுறை போய் வந்தது போதாமல் மறுபடியும் போனாள். ஒரே ஓர் ஆளுக்காக அவள் எழுதிய முதல் பக்கம் அது. அதில் ஒரு சிரிப்பு வரிகூட இல்லை.

வியாழன் மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தார். குள்ளமான உருவம், தோளில் ஒரு பை, கையில் அவள் அனுப்பிய தாள். தாளில் வரிக்கு வரி டிக் போட்டிருந்தது.

"பஸ் ஸ்டாப்புலேருந்து ஏழு நிமிஷம்னு போட்டிருந்தீங்க. சரியா ஏழு நிமிஷம்" என்றார் அந்த அம்மாள். "நீங்கதானே எழுதுறது? கிளம்புறதுக்கு முந்தின நாள் உங்க பக்கத்தை எனக்குப் படிச்சுக் காட்டிச் சிரிச்சாரு. டிரைவர் முறைப்பார்னு. இந்த மாதிரி எழுதுறவங்க இருக்கிற ஊர்ல நமக்கு என்ன பயம், நீ சும்மா இருன்னாரு."

பார்வையாளர் நேரம் பதினைந்து நிமிடம். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டுத் திரும்பியபோது அழுதிருக்கவில்லை, ஆனால் நடை மாறியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையை அவள் நீட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மடித்த தாள் மட்டும் அவள் கைப்பைக்குள்ளேயே இருந்தது.

"அவர் அடிபட்ட இடத்தைப் பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களாம்மா?"

நடந்தே போனார்கள். சாலையின் ஆறு தடங்களிலும் வண்டிகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போயின. நிறுத்தத்துக்குப் பக்கத்தில், படிக்கட்டு இருந்த இடத்தில், உடைத்த சிமெண்டுத் தரையும் அதிலிருந்து துருத்திக்கொண்டு நான்கு அறுபட்ட கம்பிகளும் இருந்தன. எதிர்ப்பக்கம் பல்கலைக்கழகத்தின் கட்டடம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. மாநாட்டுப் பதாகை இன்னும் இறக்கப்படவில்லை.

அந்த அம்மாள் வலப்பக்கம் தூரத்தில் இருந்த சிக்னலைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"நேத்து உங்க பக்கத்தை நெட்ல திரும்ப எடுத்துப் படிச்சேன். சிக்னல்ல கடக்கணும்னு தெளிவாத்தான் போட்டிருக்கு" என்றார் பிறகு. "எழுதினதை மீறுற ஆளே இல்லம்மா அவரு. மாத்திரை அட்டையில சாப்பாட்டுக்கு அப்புறம்னு இருந்தா, பட்டினி கிடந்தாலும் முன்னாடி போட மாட்டாரு. அவரு போய் இப்படிக் குறுக்க இறங்கியிருக்காருன்னா..." குரல் இறங்கியது. "ரெண்டு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம். சாவியை மறந்துடுவாரு, பேரை மறந்துடுவாரு. வயசு, எல்லாருக்கும் வர்றதுதானேன்னு விட்டுட்டேன். டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும். புத்தி தடுமாற ஆரம்பிச்ச மனுஷனைத் தனியா அனுப்பி வெச்சிட்டேன். நான்தான் அனுப்பி வெச்சேன்."

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், இந்த அம்மாள் இப்படியே நம்பிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார். துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவார். கணவர் நிம்மதியாகக் கடை திறப்பார். அங்கே படுத்திருக்கிற மனிதர் எழுந்தாலும் எழாவிட்டாலும் புத்தி தடுமாறியவர் என்று ஆகிவிடுவார். ஐந்து வரியைச் சரியாகப் பின்பற்றி, ஆறாவதில் நின்று, கேள்விக்குறி போட்டு, தேடித் தேடிப் பார்த்தவர் அவர்.

"அவருக்குப் புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சும்மா" என்றாள்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது, இழுத்துத் திறந்து தாளை எடுத்தாள். "இது அவர் பாக்கெட்ல இருந்துது. நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். நீங்க நேத்துப் பார்த்தது நான் அப்புறமா மாத்தினது. இதுதான் அவர் கையில இருந்தது."

பேருந்து ஒன்று வந்து நின்று, யாரையும் இறக்காமல் போனது. அந்த அம்மாள் தோள்பையில் கைவிட்டுத் துழாவினார், தன் கண்ணாடி கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து கணவரின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், அது மூக்கில் நிற்காமல் சரிந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறுகையில் இருந்த தாள் காற்றில் படபடத்தது. அவள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தாள். முதல் வரியிலிருந்து உதடு அசைய அசையப் படித்தார். மூன்றாவதில், ‘உண்மை’ என்று எழுதியிருந்த இடத்தில், கொஞ்சம் நின்றார். நான்கு. ஐந்து. ஆறாவதைப் படித்து முடித்தார், திரும்பவும் படித்தார். பிறகு கண்ணாடியைப் பிடித்த கையை எடுக்காமலே தலையை உயர்த்தி, நாற்பத்திரண்டு படி உயரத்துக்கு, அங்கே ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்தார்.